குடலுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

அக்கா ஒருநாள் ராத்திரி வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். அவளுடைய மலத்தைப் பரிசோதித்து ஒரு நிறுவனம் தந்த அறிக்கை. பக்கத்துக்குப் பக்கம் வண்ண வட்டங்கள், பச்சையும் சிவப்புமாக அம்புக்குறிகள், வாயில் நுழையாத பாக்டீரியாப் பெயர்கள். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் குடல் நல மதிப்பெண்: 100-க்கு 54. நுண்ணுயிர்ப் பன்மை சராசரிக்குக் கீழே என்று அதன் அடியில் ஒரு வரி. விடிந்ததும் போன் வந்துவிட்டது. "டேய், பத்தாங்கிளாஸ்ல கணக்குல கூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்லடா. இப்ப நான் என்ன பண்ணணும்?" குரலில் பாதி சிரிப்பு, பாதி பயம். இத்தனைக்கும் அவளுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, காலைக்கடன் கடிகாரம் மாதிரி. அறிக்கை வரும்வரை தன் குடலைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திராதவள்.

இந்த மாதிரிக் கேள்விகள் வீட்டில் என்னிடம்தான் வரும். வழக்கமாக "டாக்டரைக் கேளு" என்று நழுவிவிடுவேன். இந்த முறை அந்த 54 என்னை விடவில்லை. மீதி 46 எதற்காகக் குறைந்தது? முழுசாக நூறு வாங்கும் குடல் யாருடையது? சராசரி என்றால் யாருடைய சராசரி? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. லட்சக்கணக்கானவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து, எந்த அளவைத் தாண்டினால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று பார்த்து வைத்த கோடு அது. குடல் நுண்ணுயிர்களுக்கு அப்படி ஒரு கோட்டை யார், எப்போது, எதைப் பார்த்துப் போட்டார்கள் என்று தேடிக்கொண்டு போனேன். தேடியதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

நம் உடம்புக்குள் வாழும் கோடானுகோடி உயிர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை மறுபடி விரிக்கப் போவதில்லை. இந்தத் துறையில் எண்கள் எப்படி உலவுகின்றன என்பதற்கு ஒன்று மட்டும். நம் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நம்மிடம் இருக்கின்றன என்று ரொம்ப காலம் எல்லா இடத்திலும் எழுதினார்கள், ஆய்வுக் கட்டுரைகள் உட்பட. அதன் மூலம் 1972-ல் தாமஸ் லக்கி என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் போட்ட ஒரு தோராயக் கணக்கு. பெருங்குடலில் இருக்கும் நெருக்கத்தையே உணவுப்பாதை முழுவதற்கும் வைத்துப் பெருக்கிவிட்டார். 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோவும் கூட்டாளிகளும் பொறுமையாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவுதான். நாற்பது வருடத்துக்கு மேல் அநேகமாக யாரும் அந்தப் பழைய கணக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்க நன்றாக இருக்கும் எண்ணை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பன்மை கூடினால் நலம் கூடுமா?

அக்காவின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு பன்மைக்குத்தான். எத்தனை வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன என்பதை ஒரு எண்ணாகச் சுருக்குகிறார்கள். வகை கூடினால் நல்லது என்பது கேட்டவுடன் மனசுக்குச் சரியென்று படும் வாதம். முற்றிலும் பொய்யும் இல்லை. குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடமும், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடமும் பன்மை குறைகிறது என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் நோயாளியிடம் குறைகிறது என்பதை வைத்து, குறைவாக உள்ளவரெல்லாம் நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடலில் பன்மை மிகக் குறைவு, பிஃபிடோபாக்டீரியாக்களின் ஆட்சிதான் பெரும்பாலும். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பிஃபிடோபாக்டீரியாக்களால் முடியும். தாயின் உடல் இவ்வளவு சக்தியைச் செலவழித்து, தன் பிள்ளைக்கு உதவாத ஒன்றைப் பிள்ளையின் பாக்டீரியாவுக்கென்று சுரக்கிறது! இந்தக் குழந்தையின் மலத்தை அக்கா அனுப்பிய அதே இடத்துக்கு அனுப்பினால் பன்மையில் ஃபெயிலாகும். யோனியில் நிலைமை இன்னும் தெளிவு. பல பெண்களிடம் லாக்டோபாசில்லஸ் என்ற ஒரே வகை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து மற்றவற்றை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. அது பின்வாங்கிப் பல வகைகள் உள்ளே வந்து பன்மை கூடும்போதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்குச் சிரிப்பை வரவழைத்தது பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு. ஜெரோன் ராஸ் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மலத்தை ஆராய்ந்து, யாருடைய குடல் ஏன் வேறுபடுகிறது என்று பார்த்தார்கள். வயது, எடை, உணவு, மருந்து என்று எதையும் விடவில்லை. 2016-ல் வெளியான அந்த முடிவில் எல்லாவற்றையும் முந்தி முதலில் நின்றது மலத்தின் இறுக்கம். மலம் குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவுக்கு வகைகள் பெருகத் தெரிகின்றன. அதாவது மலச்சிக்கல்காரருக்குப் பன்மையில் கூடுதல் மார்க் கிடைக்க வாய்ப்பு உண்டு. நேரத்துக்குப் போகிற அக்காவுக்குக் குறையும். அதே ஆய்வில் இன்னொரு செய்தி: அவர்கள் அளந்த அத்தனை காரணங்களையும் ஒன்றுசேர்த்தாலும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கைக்கூட விளக்க முடியவில்லை. மீதியெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. இந்த நிலையில் ஒரு நிறுவனம் துணிந்து 54 என்று போடுகிறது.

நல்லவன், கெட்டவன்

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் பாக்டீரியாக்களை இரண்டு பட்டியலாகப் பிரித்திருந்தார்கள். பச்சையில் நல்லவை, சிவப்பில் கெட்டவை. எஷரிக்கியா கோலை சிவப்பில் இருந்தது. இந்த ஈ. கோலையின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர், சீதபேதி பரவிய இடத்தில் இருந்தும் அது தொற்றாமல் தப்பிய ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஈ. கோலை ரகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்றும் அது மருந்தாக விற்கிறது. பெருங்குடல் புண் அழற்சி திரும்ப வராமல் தடுக்க அதைக் கொடுக்கிறார்கள், மருத்துவச் சோதனைகளும் அதற்கு ஆதரவாக உண்டு. அதே ஈ. கோலையின் இன்னொரு ரகமான ஓ157 வந்தால் ரத்தபேதி, சிலருக்குச் சிறுநீரகமே போய்விடும். ஆக ஒரே இனத்தில் ஒன்று மருந்து, ஒன்று எமன்.

கதை இதோடு முடிந்திருந்தால் ரகத்தைப் பார்த்து நிறம் தீட்டிவிடலாம். ஆனால் மருந்தாக விற்கிற அந்த நிஸ்லே ரகத்திடமே கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. கோலிபாக்டின் நம் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். 2020-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் திசுவுக்குள், கோலிபாக்டின் தயாரிக்கும் ஈ. கோலையைத் திரும்பத் திரும்பச் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். டிஎன்ஏவில் ஒரு தனித்த தழும்பு விழுந்தது. அதே தழும்பு பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றிலும் தென்பட்டது. இதனால் நிஸ்லே மருந்து புற்றுநோய் தரும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, அதைச் சாப்பிடுகிறவர்கள் பதற வேண்டாம். ஆனால் பச்சைப் பேனாவா, சிவப்புப் பேனாவா? எதை எடுப்பீர்கள்?

வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரியும் இந்த ரகம்தான். அல்சருக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது இருப்பவர்களிடம் உணவுக்குழாயின் ஒருவகைப் புற்றுநோய் குறைவாகக் காணப்படுகிறது. ஒரே உயிர், இரண்டு சாண் இடைவெளியில் இரண்டு முகம்.

நிஜமாகவே மாற்றிப் பார்த்த இடம்

இந்தத் தேடலில் என் எண்ணத்தைத் திருப்பிப் போட்டது ஒரே ஒரு நோய். அதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு, குறிப்பாக முதியவர்களுக்கும் மருத்துவமனையில் நெடுநாள் இருப்பவர்களுக்கும், நிற்காத வயிற்றுப்போக்கு வருவதுண்டு. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் இதன் மோசமான வடிவத்துக்குக் காரணம். சிலர் குடலில் அது ஒரு தொல்லையும் தராமல் கிடக்கும். ஆன்டிபயாட்டிக் அக்கம்பக்கத்தை அழித்தபின் அதன் வித்துகள் முளைக்கின்றன. ஏன் முன்பு முளைக்கவில்லை என்பதற்கான காரணம் அழகானது. நம் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடல் பாக்டீரியாக்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. மாற்றாத வடிவம் இந்த வித்தை எழுப்பிவிடும், மாற்றிய வடிவம் வளரவிடாமல் அடக்கும். மாற்றுகிறவர்கள் செத்துப்போனால் அடக்க ஆளில்லை. அதற்கும் மருந்து இன்னொரு ஆன்டிபயாட்டிக்தான். கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் சிலருக்குத் திரும்ப வரும், மறுபடி கொடுத்தால் மறுபடி வரும்.

1958-ல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு கடும் குடல் அழற்சியில் விழுந்த நான்கு பேருக்கு, ஆரோக்கியமான இன்னொருவரின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். இந்த நோய்க்கு டிஃபிசீல்தான் காரணம் என்பதே 1970-களின் கடைசியில்தான் தெரியும். காரணம் தெரியாமலே வைத்தியம் பலித்துவிட்டது. பிறகு நெடுங்காலம் அது அருவருப்பின் காரணமாகவே ஓரத்தில் கிடந்தது. 2013-ல் நெதர்லாந்தில் நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் முறையான சோதனை நடந்தது. மலக்கரைசலை மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் செலுத்திய 16 பேரில் 13 பேர் ஒரே தவணையில் குணமானார்கள், இரண்டாம் தவணையில் இன்னும் இரண்டு பேர். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், மற்றவர்களுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று.

ஆக, ஒருவரின் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றி நோயை ஐயத்துக்கு இடமின்றிக் குணப்படுத்திய இடம் இது. அப்படியானால் இதைச் செய்கிறவர்களுக்குத்தானே நல்ல குடல் எது என்று தெரிந்திருக்க வேண்டும்? கொடையாளியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தேடினேன். மதிப்பெண் எதுவும் கிடையாது. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவரா, குடல் நோய் உண்டா, உடல் பருமனா, எச்ஐவி, ஹெபடைடிஸ், ஒட்டுண்ணி, மருந்துக்கு அடங்காத கிருமி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள். விண்ணப்பிக்கிறவர்களில் மிகச் சிலரே தேறுகிறார்கள். பன்மை 54-ஆ 84-ஆ என்பது அனுமதிச் சீட்டாக இல்லை. எது கெடுதல் என்று ஓரளவு தெரியும், எது சிறப்பு என்று தெரியாது என்பதை நடைமுறையிலேயே ஒப்புக்கொண்ட பட்டியல் அது. அந்தக் கழித்தலிலும் ஓட்டை விழுந்தது. மருந்துக்கு அடங்காத ஈ. கோலையைச் சோதிக்காமல் விட்ட ஒரே கொடையாளியின் மலம் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்குப் போய், இருவருக்கும் தொற்று பரவி, ஒருவர் இறந்தார் என்று 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017-ல் ஜெர்மன் மருத்துவர்கள் டிஃபிசீல் நோயாளிகள் ஐந்து பேருக்கு, பாக்டீரியாக்களை எல்லாம் வடிகட்டி நீக்கிய மலச்சாற்றை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருமே தேறினார்கள். பாக்டீரியாவே போகவில்லை என்றால் குணப்படுத்தியது எது? வடிகட்டியில் நழுவும் வைரஸ்களா, பாக்டீரியா விட்டுச்சென்ற ரசாயனங்களா? ஐந்தே பேர் என்பதால் இதை ரொம்பவும் நீட்டக்கூடாது. ஆனாலும் உறுப்பினர் பட்டியலைத் தயாரித்து மதிப்பெண் போடுவது எவ்வளவு தூரம் விஷயத்தைத் தொடுகிறது என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் உறுதியாயிற்று.

காப்ஸ்யூல்

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமம் இருக்காது. அதே நிறுவனம் விற்கும் புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது என்று உயிரோடு அடைத்துக் கொடுக்கும் பாக்டீரியா. மதிப்பெண் எதற்காகப் பிறந்தது என்பதற்கு அந்தப் பக்கம் போதும்.

புரோபயாட்டிக் எல்லாமே வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்குத் தீனியாக ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியோடு சேர்த்து, ஒரு வாரம் கொடுத்ததில், ரத்தத்தில் கிருமி பரவுவதும் மரணமும் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. இதற்கு இணையான வெற்றி இந்தத் துறையில் குறைவு. இன்ன ரகம், இன்ன வயது, இன்ன நோக்கம் என்று எல்லாம் அங்கே தெளிவாக இருந்தன. "குடல் நலத்துக்கு" என்று பொத்தாம் பொதுவாக விற்பது வேறு சங்கதி. 2018-ல் வைஸ்மன் நிறுவனத்தில் 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, சிலரை அப்படியே விட்டார்கள், சிலருக்கு 11 ரகங்கள் கலந்த புரோபயாட்டிக் கொடுத்தார்கள், சிலருக்கு அவர்களுடைய மலத்தையே முன்கூட்டி எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்தினார்கள். சொந்த மலம் பெற்றவர்களின் பழைய கூட்டம் சில நாட்களில் திரும்பியது. ஒன்றும் பெறாதவர்களுக்கு மெல்லத் திரும்பியது. புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் தாமதமானது, வந்து உட்கார்ந்த விருந்தாளிகள் வீட்டுக்காரர்களை உள்ளே விடவில்லை. புரோபயாட்டிக்கை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைகிறது என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒருவேளை இதற்கும் ஒரு விலை உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதே குழுவினர் குழாய் விட்டுக் குடற்சுவரிலிருந்தே நேரடியாக மாதிரி எடுத்தும் பார்த்தார்கள். சுவரில் ஒட்டி வாழ்பவர்களுக்கும் மலத்தில் வெளியேறுபவர்களுக்கும் கணிசமான வித்தியாசம். ஊருக்கு வெளியே குப்பைமேட்டைக் கிளறிவிட்டு ஊருக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெழுதும் வேலைதான் இந்த மலப் பரிசோதனை. கொஞ்சம் தெரியும். முழுக்கத் தெரியாது.

மனநிலை, மறதி, ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் குடலைக் காரணம் காட்டுகிறவர்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. எலிகளில் பல வியப்பான முடிவுகள் உண்டு. மனிதர்களில் எது முந்தி, எது பிந்தி என்பதுதான் சிக்கல். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபடுவது ஏன் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகள் சில உணவுகளை மட்டுமே விரும்பிச் சாப்பிடுவதால்தான் குடல் மாறுகிறது என்ற பக்கமே அவர்களின் 2021-ஆம் ஆண்டு முடிவு சாய்ந்தது. அம்புக்குறியின் தலையும் வாலும் இடம் மாறிவிட்டன. இடையில் எத்தனை பெற்றோர் எத்தனை பவுடர்களை வாங்கியிருப்பார்கள்!

எனக்கு வேண்டிய அறிக்கை

அக்காவிடம் மதிப்பெண்ணை மறந்துவிடு, நார்ச்சத்தைக் குறைக்காதே, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் போடாதே என்று மட்டும் சொன்னேன். நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற சிறு அமிலத்தை விடுகின்றன, குடற்சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நார் கிடைக்காத எலிகளின் பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறார்கள். "இதைச் சொல்ல எதுக்குடா டெஸ்ட்டு, அம்மா ஓசியிலயே சொல்வாங்களே" என்றாள்.

இந்த வகைப் பரிசோதனையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. டிஜாக்சின் என்ற பழைய இதய மருந்து இருக்கிறது. கொஞ்சம் கூடினால் நஞ்சு, கொஞ்சம் குறைந்தால் பலன் இல்லை. பத்தில் ஒருவர் அளவுக்கு, சில நோயாளிகளின் குடல் பாக்டீரியாக்கள் அதைப் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகின்றன என்று நியூயார்க் மருத்துவர்கள் 1981-லேயே காட்டினார்கள். அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், மருந்தின் அளவை மாற்றாமலே ரத்தத்தில் டிஜாக்சின் ஏறியது. செய்வது எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா. அதிலும் எல்லா லென்டாவும் செய்வதில்லை, அதற்கான மரபணு உள்ள ரகங்கள் மட்டுமே செய்கின்றன என்பது 2013-ல் தெரிந்தது. அக்காவின் அறிக்கையில் இனப்பெயரோடு நின்றுவிட்டார்கள், அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபாவுக்கும் இதே கதி. அது மூளைக்குள் போய் டோபமின் என்ற ரசாயனமாக மாற வேண்டும். வழியிலேயே, குடலில், என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா அதை டோபமினாக மாற்றிவிட்டால் மூளைக்குப் போய்ச் சேராது. நம் உடம்பு இந்த வேலையைச் செய்யாமல் தடுக்கவே கூடவே கார்பிடோபா கொடுக்கிறார்கள். அந்த கார்பிடோபா பாக்டீரியாவின் நொதியைத் தடுப்பதில்லை என்று ஹார்வர்டின் எமிலி பால்ஸ்கஸ் குழுவினர் 2019-ல் காட்டினார்கள். பாக்டீரியாவின் நொதியைத் தடுக்கும் ஒரு மூலக்கூறையும் கண்டார்கள். அதைக் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் லெவோடோபா கூடுதலாக நின்றது. நோயாளியின் கை நடுக்கம் ஒரே மாத்திரையில் ஒருவருக்கு அடங்குவதும் இன்னொருவருக்கு அடங்காததும் ஏன் என்பதற்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

இந்த மருந்து உன் குடலைத் தாண்டிப் போகுமா, போகாதா? அதற்கான மரபணு உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? இதற்குப் பதில் சொல்லும் அறிக்கை என்றால் நானே டப்பாவோடு வரிசையில் நிற்பேன். வண்ண வட்டம் எதுவும் வேண்டாம், உண்டு அல்லது இல்லை என்று ஒரு வரி போதும், அதைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தால்.